ஸ்டார்லெட்டை ஓட்டியவன்

கில்மோரா, டொனிகால்
2001 நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பெர்த்தில் வெயில் தொடங்கியிருக்கும். நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மா தொலைபேசியில் பாதி சொல்லியிருப்பாள், பாதி அழுதிருப்பாள், நிமிடத்துக்கு எவ்வளவு ஆகிறதோ என்று பயந்து வைத்தும் இருப்பாள். அதனால் எழுதுகிறேன்.

நான் நலம். இடது காறை எலும்பு முறிந்திருக்கிறது. கை கழுத்துத் துணியில் தொங்குகிறது. இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை பெல்ட் பதிந்த இடம் கறுத்துக் கிடக்கிறது, பாறைச் சிப்பியின் நிறத்தில். தொட்டால் வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். வலிக்கிறது என்றேன். உண்மையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் எதிர்பார்த்ததைச் சொன்னேன்.

நடந்தது இது. கல்லறைத் திருநாள் முடிந்த ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மேனஸும் ஸ்டார்லெட்டை எடுத்துக்கொண்டு போனோம். ஐஸ் ஆலை வளைவில் கார் உருண்டது. மேனஸ் பெல்ட் போடவில்லை. கண்ணாடி வழியாக வெளியே போய் வயலில் கிடந்தான். தலையில் அடி. டப்ளினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. அவன் அம்மா பெர்னி அங்கேயே இருக்கிறாள்.

சார்ஜெண்ட் வந்தார். “யார்டா ஓட்டுனது?” என்றார். “நான்தான்” என்றேன். எழுதிக்கொண்டார். மழை பெய்ததால் நோட்டின்மேல் தொப்பியைப் பிடித்துக்கொண்டு எழுதினார்.

இனி உன் விஷயம். கார் உன் பெயரில் இருக்கிறது, இன்சூரன்ஸும். இருபது வயதுப் பையன் என்றால் தொலைபேசியிலேயே சிரிப்பார்கள். இருபத்தாறு வயதுப் பெண், நர்ஸ் என்றதும் மரியாதையாகப் பேசினார்கள், ஞாபகம் இருக்கிறதா. முதன்மை ஓட்டுநர் நீ. எப்போதாவது எடுப்பவன் நான். செப்டம்பரில் நீ விமானம் ஏறியதை அவர்களுக்கு நாம் சொல்லவில்லை. இந்த ஊரில் எந்த வீட்டில்தான் சொல்கிறார்கள். எல்லாக் காரும் ஓர் அக்காவின் பெயரில் ஓடுகிறது.

டூஹி என்று ஒருவர், இன்சூரன்ஸின் விசாரணை ஆள், உனக்கு எழுதுவார். கார் உன்னுடையது என்று சொல். வேறெதுவும் தேவைப்படாது.

அம்மா உனக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறாள். எனக்காகவும். ஒரே மெழுகுவத்தி என்று நினைக்கிறேன்.

உன் தம்பி
கோனல்


பெர்த்
2001 டிசம்பர் 3

கோனல்,

கடிதம் கிடைத்தது. நான் நலம், உறக்கம் மட்டும் இல்லை. எலும்பு கூடும்வரை பளு தூக்காதே. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. சாப்பிடுகிறாயா? அம்மா நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போவதாகச் சொல்கிறாள்.

மேனஸைப் பற்றி நீ மூன்று வரிதான் எழுதியிருக்கிறாய். பெர்னியிடம் கேட்டு எழுது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விரல் அசைகிறதா. கிள்ளினால் கையை இழுக்கிறானா. எந்தப் பக்கம்.

டூஹியின் கடிதம் வந்துவிட்டது. இரண்டு கேள்விகள். காரை அதிகம் பயன்படுத்தியது யார். காரில் செய்யப்பட்ட மாற்றங்கள் எனக்குத் தெரியுமா. சத்தியப் பிரமாணம் செய்து பதில் அனுப்ப வேண்டும். பொய் என்று தெரிந்தால் என் நர்ஸ் பதிவு போய்விடும், இரண்டு நாட்டிலும். இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் போகும்போது இருந்தது எனக்குத் தெரியும். தாழ்த்திய ஸ்பிரிங். அகலச் சக்கரம். ஊரையே எழுப்பும் சைலன்சர். கடைசியாக நான் ஓட்டியபோது சர்ச் வாசல் மேட்டில் காரின் அடிப்பாகம் தட்டியது. மேனஸ் ஓடிவந்து குனிந்து பார்த்துவிட்டு, காரைத் தட்டிக்கொடுத்து, “சிஸ்டருக்கு முட்டி வலிக்குது, மெதுவா ஓட்டுக்கா” என்றான்.

அதன்பிறகு என்ன செய்தீர்கள்? எல்லாவற்றையும் எழுது. தெரியாமல் பொய் சொல்ல என்னால் முடியாது.

இங்கே கிறிஸ்துமஸ் மரத்தை ஏ.சி. அறையில் வைத்திருக்கிறார்கள்.

மஜெல்லா


கில்மோரா
2001 டிசம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம். மேனஸ் கண் திறந்துவிட்டான். யாரையும் பார்ப்பதில்லை, திறந்திருக்கிறது என்கிறார்கள். கிள்ளினால் இடது கையை இழுக்கிறானாம். வலது கை அசைவதில்லை.

கேட்டதை எழுதுகிறேன்.

அந்தக் காரைக் கன்னியர் மடத்திலிருந்து வாங்கியபோது நீயும் இருந்தாய். அருட்சகோதரிகள் சந்தைக்கும் கல்லறைக்கும் மட்டும் ஓட்டிய கார். மேனஸ் கதவைத் திறந்து மோந்துவிட்டு, “சாம்பிராணி வாசம் வருதுடா, உள்ள உக்காந்து கெட்ட வார்த்தை பேசாத” என்றான். அன்றிலிருந்துதான் அதற்கு சிஸ்டர் என்று பெயர்.

நீ போனபிறகு அவன் டைரோனில் ஓர் உதிரிபாக யார்டுக்குப் போனான். ஜப்பானில் பழைய கார்களைக் குறுக்கே அறுத்து முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புகிறார்கள். அப்படி ஒரு பாதி. அதே ஸ்டார்லெட், ஆனால் டர்போ வைத்தது. அந்த இன்ஜினைக் கழற்றி சிஸ்டருக்குள் வைத்தான். பெர்னியின் மாட்டுக் கொட்டகையில், ஒவ்வொரு மாலையும். நான் விளக்கைப் பிடித்தேன். என் வேலை அவ்வளவுதான்.

“இன்சூரன்ஸ்ல சொல்லணுமாடா?” என்று நான் கேட்டேன்.

“எதுக்கு? ஃபாரத்துல ஆயிரத்து முந்நூறு சி.சி.ன்னு எழுதியிருக்கு. பழசும் ஆயிரத்து முந்நூறு. புதுசும் ஆயிரத்து முந்நூறு. கொஞ்சம் மூச்சு ஜாஸ்தி, அவ்ளோதான்.”

அவனுக்குச் சொந்தக் கார் இல்லாதது உனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் பால் லாரியை உரசியது அவன் பெயரில் நிற்கிறது. ஆகஸ்டில் அவன் சமையலறையிலிருந்து ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி விடாமல் கூப்பிட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.

கடைசியாகப் பேசிய பெண் நல்லவள். “தம்பி, உங்களுக்குச் சொல்ல எங்ககிட்ட விலையே இல்ல” என்றாள்.

“அப்ப சும்மாவே குடுத்துருங்களேன்.”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். வைத்துவிட்டாள். பிறகு அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தான். நெடுநேரம் ஒரே துண்டில் தடவினான். ஊரில் பாதிக் கார்களுக்கு அவன்தான் இன்ஜின் இறக்குகிறான். ஒன்றையும் ஓட்ட முடியாது.

வக்கீல் சொன்னது: பாலிசி செல்லும் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் என்ற முறையில் மேனஸுக்கு வாழ்நாள் முழுக்கப் பராமரிப்புக் கிடைக்கும். பெல்ட் போடாததற்குக் கொஞ்சம் குறைப்பார்கள். பாலிசி செல்லாது என்றால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் இன்ஜினை மாற்றியதே அவன்தான், தெரிந்தே ஏறினான் என்பார்கள். மாற்றங்கள் சொந்தக்காரிக்குத் தெரியாது என்றால் பாலிசி செல்லும். சொந்தக்காரி என்றால் நீ.

இன்று பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் பெர்னி பின்னால் திரும்பினாள். நான் இருந்தேன். மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள். கை நீட்டியபடி இருந்தேன், பக்கத்தில் இருந்த யாரோ குலுக்கினார்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

கோனல்


பெர்த்
2002 ஜனவரி 9

கோனல்,

உன் கடிதம் பண்டிகைத் தபாலில் சிக்கிப் புத்தாண்டுக்குப் பிறகுதான் வந்தது. நான் நலம். அம்மாவின் மூட்டுவலிக்கு இங்கிருந்து ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன்.

உன் முதல் கடிதத்தை மறுபடி படித்தேன். இடது காறை எலும்பு. இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை. நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன்.

விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். சட்டையைக் கழற்றினால் போதும், யார் எந்த இருக்கையில் இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். ஓட்டுகிறவருக்கு பெல்ட் வலது தோளில் வரும். பக்கத்தில் இருப்பவருக்கு இடது தோளில்.

பக்கம் மாற்றி எழுதிவிட்டாயா?

மஜெல்லா


கில்மோரா
2002 ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். களிம்பு வந்தது. அம்மா அதைப் பிரிக்காமல் வானொலிப் பெட்டிமேல் வைத்திருக்கிறாள், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் காட்ட.

யூரோ வந்துவிட்டது. கடையில் அம்மா ஒவ்வொரு நாணயமாகத் திருப்பிப் பார்க்கிறாள். “இது பொம்மைக் காசு மாதிரி இருக்கேடா, இதுக்குப் போயி உருளைக்கிழங்கு குடுப்பானா?” என்கிறாள். கொடுத்தான்.

கடல் கொந்தளிப்பு. படகுகள் போகவில்லை. மீன் பதனிடும் ஆலையில் என்னை ஐஸ் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கை மரத்துப்போகும் என்று சொன்னார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மேனஸ் நேற்று ஒரு வார்த்தை பேசினானாம். தண்ணீர் என்று.

நீ எப்படி இருக்கிறாய்?

கோனல்


பெர்த்
2002 பிப்ரவரி 11

கோனல்,

நான் நலம். ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. டூஹி இரண்டாவது முறை எழுதிவிட்டார். எதை மறைக்கிறேன் என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

மஜெல்லா


கில்மோரா
2002 மார்ச் 3

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பக்கம் மாற்றி எழுதவில்லை.

சனிக்கிழமைதான் இன்ஜின் வேலை முடிந்தது. ஞாயிறு மதியம் கொட்டகையிலிருந்து தள்ளி வெளியே எடுத்தோம். சாவி என்னிடம் இருந்தது. அவன் கேட்கவில்லை. நான்தான் நீட்டினேன்.

“போடா. எனக்கு இன்சூரன்ஸ் இல்ல.”

“சர்ச் வரைக்கும்தான். திரும்பிரலாம்.”

“சார்ஜெண்ட் பாத்தா தோலை உரிச்சிருவாரு.”

“அவரு மேட்ச் பாத்துக்கிட்டு இருப்பாரு. செஞ்சது நீ. மொதல்ல நீ ஓட்டு.”

அவன் துணியில் கையைத் துடைத்தான். முதலில் ஒரு கை, பிறகு இன்னொரு கை. பிறகு மறுபடி முதல் கை. ஏறி உட்கார்ந்து இருக்கையைச் சரிசெய்தான். பெல்ட் போடுடா என்று சொல்ல நினைத்தேன். சர்ச் வரைக்கும்தானே.

சர்ச்சில் அவன் திரும்பவில்லை. நானும் திரும்பச் சொல்லவில்லை. டர்போ பிடித்தபோது நான் சாலையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் வளைவு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. யாராவது கேட்டால் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். யாரும் கேட்கவில்லை. நான் ஓட்டினேன் என்று சொன்னவுடன் மற்ற எதையும் யாரும் கேட்பதில்லை.

அந்த இன்ஜினோடு நான் அதை ஒருமுறைகூட ஓட்டியதில்லை.

தியாகம் என்று நினைக்காதே. சார்ஜெண்ட் கேட்டதும் “நான்” என்று வாயில் வந்துவிட்டது. அவனிடம் இன்சூரன்ஸ் இல்லை, மாட்டிக்கொள்வான், அது மட்டும்தான் தலையில் ஓடியது. அவன் எழுந்து வந்து என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். பிறகு வக்கீல் பேசும்போதுதான் புரிந்தது. ஓட்டியது அவன் என்றால் அவனுக்கு எதுவும் கிடையாது. பாலிசி செல்லும் என்றாலும் கிடையாது. பெர்னிக்கு வயதாகிறது, அவளிடம் நான்கு மாடுகளும் ஒரு கொட்டகையும் இருக்கின்றன. அவனைத் தூக்கி உட்கார வைக்கவே இரண்டு பேர் வேண்டும்.

வழக்கு கோடையில் வரும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டு வருடம் வரை கிடைக்கும் என்கிறார் வக்கீல். பரவாயில்லை. இதை எழுதும்போது பயம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. ஐஸ் பிரிவில் பெட்டியை மூடுவதுபோல் இருக்கிறது.

நான் ஓட்டவில்லை என்பது உண்மை. நான் சாவியை நீட்டாவிட்டால் அவனும் ஓட்டியிருக்கமாட்டான் என்பதும் உண்மை.

அம்மாவிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே.

கோனல்


பெர்த்
2002 மே 20

அன்புள்ள கோனல்,

இத்தனை நாள் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை. நலமாகத்தான் இருக்கிறேன்.

ஏப்ரலில் ஒருநாள் பணி முடிந்து ஆஸ்பத்திரித் தொலைபேசியிலிருந்து கில்மோரா காவல் நிலையத்தைக் கூப்பிட்டேன். அங்கே காலை. சார்ஜெண்டே எடுத்தார். “சொல்லுங்க, யாரு பேசுறது?” என்றார். பின்னால் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. உன் தோளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று தயார் செய்து வைத்திருந்தேன். அவர் மறுபடி “யாரு?” என்றார். நான் வைத்துவிட்டேன்.

அன்று வார்டில் ஒரு பையன். பத்தொன்பது வயது, கடலில் குதித்துக் கழுத்து முறிந்தவன். அவனைப் புரட்டிப் போட நான்கு பேர் தேவைப்பட்டார்கள். அவன் அம்மா சுவரோரமாக நின்றாள், யார் கையிலும் இடிக்காமல். நான் பெர்னியை நினைத்தேன் என்று சொன்னால் பொய். நான் எதையும் நினைக்கவில்லை. விரிப்பை மாற்றினேன்.

வாக்குமூலத்தை அனுப்பிவிட்டேன். கார் என் உபயோகத்துக்கு வாங்கியது, விடுமுறை முடிந்து திரும்பி வருவதாக இருந்தேன் என்று எழுதினேன். எந்த மாற்றமும் எனக்குத் தெரியாது என்று எழுதினேன். என் தம்பி எனக்குத் தெரியாமல் செய்திருக்கிறான் என்று எழுதினேன். பாலிசி செல்ல அந்த வாக்கியம் வேண்டும் என்று உன் வக்கீல் சொன்னதாக எழுதியிருந்தாய். மேனஸை மேலே தூக்க ஒவ்வொரு வரியாக உன்மேல் வைத்தேன்.

இங்கே ஒரு நீதிமன்ற அலுவலர் முன்னால் சத்தியம் செய்தேன். பைபிளில் கை வைக்கச் சொன்னார். வைத்தேன். அட்டை பிளாஸ்டிக்.

தோளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆகவே சொல்லவில்லை.

சாப்பிடு. கம்பளிச் சட்டை எடுத்துப் போ. அங்கே உள்ளே குளிரும் என்று நினைக்கிறேன்.

அக்கா


கில்மோரா
2002 செப்டம்பர் 22

மகள் மஜெல்லாவுக்கு,

நான் மேனஸின் அம்மா பெர்னி. நீ சுகமாயிருக்கக் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். உன் அம்மாவிடம் விலாசம் வாங்கினேன். அவளும் நானும் பேசிக்கொள்வதில்லை, கடைக்காரர் மூலம் வாங்கினேன்.

மேனஸ் வீட்டுக்கு வந்துவிட்டான். இன்சூரன்ஸிலிருந்து முதல் தவணை வந்தது. வாசலில் சரிவுப் பாதை போட்டாகிவிட்டது. காலையும் மாலையும் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்கிறாள், நல்ல கை. கொட்டகையைக் குளியலறையோடு ஓர் அறையாக மாற்றுகிறார்கள். மாடுகளை விற்றுவிட்டேன்.

ஜூலையில் உன் தம்பிக்குத் தீர்ப்புச் சொன்னபோது நான் கோர்ட்டில் இருந்தேன். சொந்த அக்காவையே ஏமாற்றிய பையன் என்று நீதிபதி சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்கவில்லை.

நீ நர்ஸ். அதனால் கேட்கிறேன். மேனஸ் இப்போது பேசுகிறான். வார்த்தை தேடித் தேடி வருகிறது. ஒரு மாதமாக ஒன்றையே சொல்கிறான். “நான் ஓட்டுனேன்மா.” முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு, “கோனல் சாவி குடுத்தான்” என்றான். போன வாரம், “கையைத் தொடச்சிட்டுத்தான் ஏறினேன்” என்றான். சொல்லும்போது சிரிக்கிறான். அவன் வேறெதற்கும் சிரிப்பதில்லை.

பார்த்துக்கொள்ள வரும் பெண் ஒருநாள் கேட்டுவிட்டு, “என்னங்க சொல்றாரு?” என்றாள். டி.வி.யில பாத்ததைச் சொல்றான் என்றேன். இன்சூரன்ஸ்காரர் டூஹி கிறிஸ்துமஸுக்கு முன் அவனைப் பார்க்க வருகிறார். மிச்சத் தவணைகள் அதன்பிறகுதான்.

தலையில் அடிபட்டவர்கள் நடக்காததைச் சொல்வார்களா? சொல்வார்கள் என்றால் அதை எப்படி மாற்றுவது? இதை மட்டும் எழுது. வேறெதையும் எனக்கு எழுதாதே, மகளே. நான் கேட்கவில்லை.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

பெர்னி


பெர்த்
2002 அக்டோபர் 14

மதிப்புக்குரிய பெர்னி அம்மாவுக்கு,

உங்கள் உடல்நலத்தையும் கவனியுங்கள். அவரைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள்.

கேட்டதற்குப் பதில். ஆம், சொல்வார்கள். மூளை காலியான இடத்தை எதையாவது வைத்து நிரப்பிக்கொள்ளும். அவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு அது நடந்ததுதான்.

வாக்குவாதம் செய்யாதீர்கள். கோபப்படாதீர்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும், அதே குரலில், அதே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள். “கோனல் ஓட்டினான். நீ இடது பக்கம் இருந்தாய்.” வார்த்தைகளை மாற்ற வேண்டாம். காலையில் சொல்லுங்கள், களைப்பாக இருக்கும்போது வேண்டாம். கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொன்னால் தலையசையுங்கள். சில வாரங்களில் அவரே அதைச் சொல்ல ஆரம்பிப்பார்.

அப்படிச் சொல்லும்போது அவர் சிரிக்காமல் இருக்கலாம். அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை நர்ஸாக எழுதுகிறேன்.

அன்புடன்
மஜெல்லா


ராஸ்காமன் சிறை
2003 பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். எடை கூடியிருக்கிறேன். உருளைக்கிழங்கு தினமும் உண்டு. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையைச் சலவையில் சுருக்கிவிட்டார்கள், இருந்தாலும் போட்டுக்கொள்கிறேன். அறைத்தோழன் வயதானவர், வெளியே மாடு திருடியவர். “கார் ஓட்டித்தான் உள்ள வந்தியா? அதுக்கு நடந்தே வந்திருக்கலாமேடா” என்று தினமும் ஒருமுறை சொல்வார். நான் தினமும் ஒருமுறை சிரிக்கிறேன்.

நேற்று என்னைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்றார்கள். அம்மா என்று நினைத்துப் போனேன். பெர்னி. சக்கர நாற்காலியில் மேனஸ். டொனிகாலிலிருந்து வேனில் கூட்டி வந்திருக்கிறாள். சரிவுப் பாதை இல்லாததால் இரண்டு காவலர்கள் நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள்.

அவன் மெலிந்திருக்கிறான். முடி வெட்டியிருக்கிறது. வலது கை மடியில் ஒரு பொருள்மாதிரி கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டான்.

பெர்னி வணக்கம்கூடச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்ட வரவில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. டூஹி வந்து போய்விட்டாராம், எல்லாம் முடிந்ததாம். அதை மட்டும் மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

மேனஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேசினான். ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் அவன் காத்திருக்க வேண்டும், நாமும் காத்திருக்க வேண்டும்.

“நீதான் ஓட்டுன.”

நான் பெர்னியைப் பார்த்தேன். அவள் கைப்பையின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாடா.”

“நான் இடது பக்கம் இருந்தேன்.”

“ஆமா.”

பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். பழகிய தலையசைப்பு. காவலர் இரண்டு மேசை தள்ளி நின்றார்.

“எப்டி இருந்துச்சு?” என்றான்.

“எது?”

“சிஸ்டர். ஓட்ட எப்டி இருந்துச்சு? நான்தான் ஓட்டவே இல்லையே.”

அக்கா, எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அதை ஓட்டியதில்லை. சாலையைக்கூடப் பார்க்கவில்லை, இவன் முகத்தைத்தான் பார்த்தேன். ஆகவே அதைச் சொன்னேன்.

“ரெண்டாவது கியர்ல ஒண்ணும் தெரியல. நல்ல பிள்ளையாத்தான் போச்சு. ஏமாந்துட்டோமோன்னு தோணுச்சு. மூஞ்சி சுருங்கிருச்சு.”

“உனக்கா?”

“எனக்கு. மூணாவது போட்டதும் ஒரு நொடி சும்மா இருந்துச்சு. அப்புறம் யாரோ சீட்டோட சேத்துப் பின்னால இருந்து தள்ளுன மாதிரி. புருவம் மேல போயிருச்சு. வாய் தொறந்துருச்சு. சத்தமே வரல. அதுக்கப்புறம்தான் சிரிப்பு.”

“டர்போ விசில் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“பெருசாவா?”

“இல்லடா, சின்னதா. நீ சொன்ன மாதிரியே.”

“நான் என்ன பண்ணேன்?”

“என்னையே பாத்துக்கிட்டு இருந்த.”

அவன் யோசித்தான். “நல்லா செஞ்சிருக்கேன்ல” என்றான்.

“ரொம்ப நல்லா செஞ்சிருக்க.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். அவன் இடது கை மேசைமேல் வந்தது. விரல்கள் குவிந்து எதையோ பிடித்தன. பின்னால் இழுத்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு முன்னால் தள்ளினான், கியரை மாற்றுவதுபோல். முகம் மாறியது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

காவலர் எங்கள் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார்.

பெர்னி அந்தக் கையை மேசையிலிருந்து எடுத்துத் தன் மடியில், கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நேரம் முடியும்வரை விடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எழும்போது, “அடுத்த மாசமும் கூட்டிட்டு வர்றேன்” என்றாள். “கேட்டுக்கிட்டே இருப்பான். நீதான் சொல்லணும்.”

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்.

கோனல்